புறாவின் சீம்பால்

புனித மக்காவின் ஹரம் எல்லைக்குள் அச்சமின்றித் திரியும் புறாக்களைக் காணாத ஹாஜிகள் இல்லை. நம் ஊர்ப் பள்ளிவாசல் மனாராக்களின் இடுக்குகளிலும், பழைய வீடுகளின் மாடங்களிலும் குடியிருப்பவை அவற்றின் இனத்தவையே. ஒரு ஜோடிப் புறாவாவது வளர்க்க வேண்டும் என்று ஆசைப்படாத சிறுவர் மிகச் சிலர். ஆயினும் புறா வளர்ப்பு என்றவுடன் நம் பெரியவர்கள் முகம் சுளிக்கின்றனர். வேலையற்றோர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கி விடுகின்றனர். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதைப் பின்னர்ப் பார்ப்போம்.

ஆனால் அதே புறாக்கூண்டின் அருகே ஒரு பெரிய கல்வியும் வளர்ந்திருக்கிறது. முட்டையிட்டு அடைகாத்துக் குஞ்சுக்கு இரையூட்டும் தாய் தந்தைப் பறவைகளை எவ்வாறு பேணுவது? எந்த இடத்தில் மனிதன் கைகொடுக்க வேண்டும்? எந்த இடத்தில் கையை விலக்கிக் கொள்ள வேண்டும்? இக்கேள்விகளுக்குப் பஸராவிலும் பக்தாதிலும் ஆக்ராவிலும் விடை தேடியிருக்கின்றனர். அந்த வரலாற்றை நாம் இங்கே சுருக்கமாகக் காண்போம். முன்னோர் பெருமை பேசுவது எளிது. அவர்கள் எதைச் சரியாகக் கண்டனர், எதில் பிழைபட்டனர் என்று நிறுத்துப் பார்ப்பதே அவர்களுக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதையாகும்.

பெற்ற பறவையின் உரிமை

பறவை வளர்ப்பின் நுட்பங்களுக்குள் செல்லுமுன், பறவைப் பெற்றோரைப் பற்றி இஸ்லாத்தின் முதல் தலைமுறை என்ன கருதியது என்பதை அறிதல் நலம். அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூத் தொகுப்பில் ஒரு செய்தி வந்திருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுடன் சென்ற ஒரு பயணத்தில், தோழர்கள் ஒரு சிறு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்து வைத்துக் கொண்டார்கள். தாய்ப்பறவை சிறகடித்துச் சுற்றிச் சுற்றி வந்தது. அதைக் கண்ட அண்ணலார், அதன் குஞ்சுகளைக் கொண்டு அதை வேதனைப்படுத்தியவர் யார் என வினவி, அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடப் பணித்தார்கள்.

எகிப்தைப் பற்றியும் ஒரு வரலாறு வழங்குகிறது. கி.பி. 641-ஆம் ஆண்டு வாக்கில் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் இஸ்கந்தரிய்யாவை நோக்கிப் படையுடன் புறப்பட ஆயத்தமானபோது, அவர்களுடைய கூடாரத்தில் ஒரு புறா முட்டையிட்டு அடைகாத்துக் கொண்டிருந்ததாம். கூடாரத்தைப் பிரிக்க வேண்டாம் என்று ஆணையிட்டுச் சென்றார்களாம். திரும்பி வந்தபின் அக்கூடாரத்தைச் சுற்றியே நகரம் எழுந்தது என்றும், கூடாரம் எனப் பொருள்படும் ஃபுஸ்தாத் என்ற பெயர் அதனாலேயே வந்தது என்றும் கூறுவர். பெயருக்கு வேறு காரணம் சொல்லும் ஆய்வாளர்களும் உளர். ஆயினும் ஒரு தலைநகரின் பிறப்பை அடைகாக்கும் புறாவோடு இணைத்துச் சொல்வதிலே மக்கள் பெருமை கண்டனர் என்பது சிந்திக்கத் தக்கது.

பஸராவின் புறாக்காரர்கள்

அப்பாஸியர் காலத்தில் புறா வளர்ப்பு ஒரு கலையாக ஓங்கியது. அதன் முழு விவரத்தையும் நமக்கு விட்டுச் சென்றவர் ஹிஜ்ரி 255-ல் (கி.பி. 868-69) பஸராவில் மறைந்த பேரறிஞர் அல்ஜாஹிஸ். அவருடைய 'கிதாபுல் ஹயவான்' என்னும் பெருநூலில் புறாவுக்கென நீண்ட பகுதி உண்டு. பெயர்பெற்ற பரம்பரைப் புறா ஒன்று 500 தீனாருக்கு விலைபோனதையும், அரபுக் குலங்களுக்கும் குதிரைகளுக்கும் வமிசாவளி எழுதியது போலப் புறாக்களுக்கும் ஏடுகள் எழுதப்பட்டதையும் அவர் கூறுகின்றார்.

அல்ஜாஹிஸ் நூல்களை மட்டும் நம்பியவர் அல்லர். அரிஸ்டாட்டிலை அவர் படித்திருந்தார். ஆனால் புறாவைப் பற்றி அறியப் புறாக்காரர்களிடமே சென்றார். முதன்னா இப்னு ஸுஹைர் என்னும் புறாக்கலை வல்லுநரைப் பெயர் சொல்லிப் போற்றுகின்றார். ஆண் பெண் இருபாலரின் வாழ்வில் தாம் கண்டவை அனைத்தையும் புறா ஜோடிகளிடத்தும் கண்டதாக அந்த முதன்னா சொன்னாராம். ஒரே துணையோடு வாழ்தல், பொறாமை, ஊடல், பிரிவாற்றாமை ஆகிய எல்லாம் அதில் அடங்கும்.

பெற்றோராகப் புறாக்கள் செய்யும் பணியை அல்ஜாஹிஸ் வரிசைப்படுத்திக் காட்டும் பகுதி இன்று படித்தாலும் வியப்பூட்டுகிறது. முட்டையிடும் காலம் நெருங்கியதும் ஆணும் பெண்ணும் சேர்ந்து துரும்பு தேடிக் கூடமைக்கின்றன. முட்டை உருண்டு விடாதபடி ஓரத்தை உயர்த்துகின்றன. அடைகாத்தலில் பெரும்பொழுது பெண்ணுடையது. குஞ்சு பொரித்தபின் இரையூட்டுதலில் பெரும்பங்கு ஆணுடையது. பிறந்த குஞ்சின் கழுத்தடியில் உள்ள தீனிப்பை ஒட்டிக் கிடக்கும் என்பதால், பெற்றோர் முதலில் அதன் தொண்டையில் காற்றை ஊதி அதை விரிக்கின்றன. பின்னர் உணவின் சத்துக் கலந்த ஒருவகை உமிழ்நீரை ஊட்டுகின்றன. அதன்பின் சுவரடியில் பூத்திருக்கும் உவர்மண்ணைத் தின்று, அதை ஊட்டித் தீனிப்பையைப் பதப்படுத்துகின்றன. அடுத்து ஊறி மெத்தென்றான தானியம். அதற்கடுத்து முழுத் தானியமும் நீரும். குஞ்சு தானே பொறுக்கித் தின்னும் வலிமை பெற்றதும் பெற்றோர் சிறிது சிறிதாக ஊட்டலைக் குறைக்கின்றன. முற்றும் வளர்ந்தபின்னும் வாய் திறந்து வந்து நின்றால் கொத்தி விரட்டுகின்றன.

இதில் ஓரிடத்தை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். முதல் நாட்களில் ஊட்டப்படும் அந்த நீரைப் புறாக்காரர்கள் 'லிபா' என்று அழைத்தனர் என அல்ஜாஹிஸ் குறித்து வைத்திருக்கின்றார். ஈன்ற ஆடு மாடுகளிடம் முதன்முதலாகச் சுரக்கும் பாலுக்குரிய அரபுச் சொல் அது. தமிழில் நாம் சீம்பால் என்கிறோம். முட்டையிடும் ஒரு பறவையின் வாயிலிருந்து வருவதைச் சீம்பால் என்று பெயரிட்டவர் எந்த மருத்துவக் கூடத்திலும் பயின்றவர் அல்லர். நாள்தோறும் கூட்டருகே குந்தியிருந்து பார்த்த சாதாரண மனிதர்.

அஞ்சல் சுமந்த பாசம்

இக்கல்வி அரசுகளுக்கும் பயன்பட்டது. சிரியாவை ஆண்ட சுல்தான் நூருத்தீன் கி.பி. 1171 வாக்கில் புறா அஞ்சலை ஒழுங்குபடுத்தினார். மம்லூக் சுல்தான்கள் அதை மேலும் விரிவாக்கினர். ஹிஜ்ரி 687-ல் (கி.பி. 1288) கெய்ரோக் கோட்டையில் 1,900 அஞ்சற் புறாக்கள் இருந்ததாக மக்ரீஸி எழுதுகின்றார்.

அஞ்சற்புறா எங்கு அனுப்பினாலும் போகும் தூதன் அன்று. எங்கிருந்து அவிழ்த்து விட்டாலும் தன் மாடத்திற்கு மட்டுமே அது திரும்பும். அங்கே அதன் துணையும் கூடும் உள்ளன. ஆகவே ஒவ்வொரு நிலையத்திலும் புறாக்கள் ஜோடி சேர்ந்து, குஞ்சு பொரித்து, அவ்விடத்தையே தம் வீடாகக் கொள்ள வேண்டும். சுல்தானின் அவசரச் செய்தி விரைந்தது ஒரு பறவையின் குடும்பப் பற்றினால்தான்!

பக்தாத் கலீஃபா அந்நாஸிர் (1180-1225) இதன் மதிப்பை நன்கறிந்தவர். தம் புறாக்களிடமிருந்து பெறப்பட்டவை தவிர வேறு வமிசப் புறாக்களை எவரும் வைத்திருக்கலாகாது என்று அவர் தடைவிதித்ததை வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர் குறிப்பிட்டிருக்கின்றார். ஒரு பறவைக் குடும்பத்தின் வழித்தோன்றல்கள் அரசுரிமைப் பொருளான காலம் அது.

அக்பர் பாதுஷாவின் மாடங்கள்

மொகலாயர்கள் புறாப்பற்றை மத்திய ஆசியாவிலிருந்தே கொண்டு வந்தனர். பாபரின் தந்தை உமர் ஷேக் மிர்ஸா 1494-ல் அக்ஸி கோட்டையில், பள்ளத்தாக்கின் விளிம்பிலிருந்த புறாமாடம் சரிந்தபோது அதனோடு வீழ்ந்து உயிர்துறந்ததைப் பாபரே தம் வரலாற்றில் எழுதியுள்ளார்.

அக்பர் இளமையில் புறா விளையாட்டில் ஈடுபட்டு, சிறுபிள்ளைத்தனம் என்று சிலகாலம் விட்டு, மீண்டும் அதனை மேற்கொண்டதாக அபுல் ஃபஸல் 'ஆயினே அக்பரி'யில் உரைக்கின்றார். 'இஷ்க்பாஸி', அதாவது காதல் விளையாட்டு என்பது அதற்குப் பெயர். அரசவையில் 20,000-க்கும் மேற்பட்ட புறாக்கள் இருந்தன. அவற்றுள் 500 சிறப்பு வகையைச் சேர்ந்தவை. மோஹனா என்னும் புறாவே அரண்மனைப் புறாக்களின் தலைமையாக விளங்கியது. அதன் வழித்தோன்றல்களும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன.

குஞ்சு வளர்ப்பைப் பற்றியும் அபுல் ஃபஸல் சுருக்கமாக எழுதுகின்றார். பகலில் சேவலும் இரவில் பெடையும் அடைகாக்கும். குளிர்காலத்தில் 21 நாட்களும் வெப்பமான நாட்களில் 17 அல்லது 18 நாட்களும் ஆகும். முதல் ஆறு நாட்கள் தீனிப்பையில் கூழாகிய தானியத்தையும், பின்னர்ச் செரிக்காத தானியத்தையும் ஏறத்தாழ ஒரு மாதம் வரை ஊட்டும். குஞ்சு தானே தின்னத் தொடங்கியதும் பெற்றோர் விலகிவிடும். இத்துடன் ஒரு முக்கியமான செய்தியையும் அவர் சேர்க்கின்றார். முட்டைகளையும், சிலபோது குஞ்சுகளையுமே, வேறு புறாக்களிடம் வளர்க்கக் கொடுப்பதுண்டு என்பதே அது. அரச குமாரர்களுக்குச் செவிலித்தாயர் இருந்தது போலப் புறாக்குஞ்சுகளுக்கும் அக்பரின் மாடத்தில் செவிலியர் இருந்தனர்!

அபுல் ஃபஸல் கூழாகிய தானியம் என்று எழுதியதை, அவருக்கு ஏழு நூற்றாண்டுகள் முற்பட்ட பஸராக்காரர்கள் சீம்பால் என்றனர். இவ்விரண்டில் எது உண்மைக்கு அருகில் நிற்கிறது?

விஞ்ஞானத்தின் தீர்ப்பு

1786-ஆம் ஆண்டு லண்டனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் அடைகாக்கும் புறாக்களை அறுத்துச் சோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். குஞ்சு பொரிக்கும் வேளையில் சேவல், பெடை இரண்டின் தீனிப்பைச் சுவரும் தடித்து, வெண்ணிறத் தயிர் போன்ற பொருளைச் சுரப்பதை அவர் கண்டார். கறக்கும் பிராணிகளின் மடியோடு அதனை ஒப்பிட்டார். அதன் பின்னரே 'புறாப்பால்' என்பது விஞ்ஞானிகளிடையே நிலைபெற்றது. அப்பால் புரதமும் கொழுப்பும் மிக்கது. குஞ்சு பொரிப்பதற்கு ஓரிரு நாட்கள் முன்பே அது உருவாகத் தொடங்குகிறது. முதல் சில நாட்கள் குஞ்சுக்கு அதுவே முழு உணவு. பின்னர்த் தானியம் சிறிது சிறிதாகக் கலக்கிறது.

1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆஸ்கர் ரிடில் என்பாரும் அவர் குழுவினரும், மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஒரு சுரப்பே புறாவின் பாலுக்குக் காரணம் என்று காட்டி, 1933-ல் அதற்குப் புரோலாக்டின் என்று பெயரிட்டனர். மனிதத் தாய்மாரின் பாலுக்கும் அதே சுரப்பே துணைபுரிகிறது. பின்னர்ப் பல ஆண்டுகள் அச்சுரப்பின் அளவை அறிய மருத்துவ ஆய்வாளர்கள் புறாவின் தீனிப்பையையே அளவுகோலாகப் பயன்படுத்தினர்.

ஆக, ஹன்டருக்கு 900 ஆண்டுகளுக்கும் முன்னரே பஸராவின் புறாக்காரர்கள் உண்மையின் வாசலைத் தட்டியிருக்கின்றனர். இதற்காக நாம் மகிழலாம். ஆனால் அளவு மீறுதல் கூடாது. அவர்கள் அதைச் சிறப்பு வாய்ந்த உமிழ்நீர் என்றே நினைத்தனர். அது எங்கே சுரக்கிறது என்பதை அறியவில்லை. காற்றை ஊதுவதாக அவர்கள் கண்டது, பாலை மேலே கொணரப் பெற்றோரின் தொண்டை விம்முவதன் தோற்றமே எனலாம். குஞ்சுக்கு முதலில் உவர்மண் ஊட்டும் செய்தி அரிஸ்டாட்டிலிடமும் உண்டு; தீனிப்பையைப் பதப்படுத்தவே அது என்பதும் சரியன்று. ஆயினும் புறாக்கள் உப்பையும் சுண்ணச் சத்தையும் தேடித் தின்பது உண்மை. இன்றும் புறா வளர்ப்போர் உப்புக் கலந்த மண்ணும் சிப்பித் தூளும் வைக்கின்றனர். கண் கண்டது சரி. அதற்கு மனம் கற்பித்த காரணத்தில்தான் பிழை நேர்ந்தது.

அக்பர் மாடத்தின் செவிலிமுறைக்கும் இப்போது விளக்கம் கிடைக்கிறது. அடைகாக்கும் பறவைக்கே, அடை முடியும் தறுவாயில்தான் பால் சுரக்கும். ஆகவே செவிலி ஜோடியும் அதே நாளிலோ ஒரு நாள் முன்பின்னாகவோ முட்டையிட்டிருக்க வேண்டும். நாள் பொருந்தாமல் நான்கைந்து நாட்கள் முன்னதாகக் குஞ்சு பொரித்தால், செவிலியிடம் அன்பு இருந்தாலும் பால் இராது, குஞ்சு மடியும். சுரப்பியின் பெயரறியாத அரண்மனைப் பணியாளரும் நாட்கணக்கை அறியாமல் இவ்வேலையைச் செய்திருக்க முடியாது.

அழகுக்குக் கொடுத்த விலை

இவ்வரலாற்றில் நம் சென்னைக்கும் ஒரு பங்குண்டு. சார்லஸ் டார்வின் புறா வகைகளை ஆராய்ந்தபோது, சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்த வால்டர் எலியட் அவருக்கு இந்தியப் புறாக்களின் தோல்களை அனுப்பி உதவினார். 1770-ல் மறைந்த ஸையித் முஹம்மது என்பார் பாரசீகத்தில் இயற்றிய புறா நூலின் மொழிபெயர்ப்பையும் டார்வினுக்குக் கொடுத்தவர் அவரே. அக்பரின் 20,000 புறாக்களைப் பற்றியும், இனங்களைக் கலந்து அவர் மேம்படுத்தியது பற்றியும் டார்வின் 1859-ல் வெளியிட்ட நூலில் குறிப்பிட்டிருக்கின்றார்.

அதே நூலில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அலகு மிகக் குட்டையாக இருப்பதே அழகு என்று கருதி இங்கிலாந்தில் ஒருவகைக் கர்ணப்புறாவைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்தனர். அவற்றின் குஞ்சுகளில் முட்டையை உடைத்து வெளிவருபவற்றைக் காட்டிலும் உள்ளேயே மடிபவை மிகுதி. ஆகவே வளர்ப்போரே ஓட்டை உடைத்து உதவ வேண்டியிருந்தது. வெளிவந்தபின்னும் தொல்லை தீரவில்லை. குட்டை அலகுடைய பெற்றோரால் குஞ்சுக்குச் சரிவர ஊட்ட இயலாது. எனவே நீண்ட அலகுடைய சாதாரணப் புறாக்களைச் செவிலியாக வைக்கும் வழக்கம் இன்றுவரை தொடர்கிறது.

இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். நோயுற்ற தாய்க்கு மாற்றாகவோ, அநாதைக் குஞ்சைக் காக்கவோ செவிலியை அமர்த்துதல் உதவி. ஆனால் தாயாகவோ தந்தையாகவோ இருக்கும் ஆற்றலையே ஓர் இனத்திடமிருந்து பறித்துவிட்டுச் செவிலியை அமர்த்துதல் உதவியாகுமா? கண்ணுக்கு அழகாகத் தோன்றும் ஒன்றுக்காகப் பறவையின் அடிப்படை உரிமையை விலையாகக் கொடுத்திருக்கிறான் மனிதன். பஸராவின் புறாக்காரர்களும் பொருளாசை அற்றவர்கள் அல்லர். 500 தீனாருக்கு விற்றவர்களே. ஆனால் அவர்கள் விலைகொடுத்தது தன் வீட்டையும் துணையையும் நாடித் தொலைதூரத்திலிருந்து மீளும் ஆற்றலுக்கு. அவர்கள் தேர்ந்தெடுத்த பண்பு பெற்றோராக இருக்கும் திறனைக் கெடுக்கவில்லை.

முகம் சுளித்தோரின் நியாயம்

தொடக்கத்தில் சொன்ன முகச்சுளிப்புக்கு வருவோம். நம் மார்க்கச் சட்ட அறிஞர்கள் புறா வளர்ப்பு முழுவதையும் பழித்தவர்கள் அல்லர். குஞ்சுக்கும் முட்டைக்கும் துணைக்கும் செய்தி அனுப்பவும் வளர்ப்பதை அனுமதித்தனர். கூரைமேல் ஏறி அண்டை வீட்டாரின் மறைவைப் பார்ப்பதும், பிறர் புறாவை மயக்கிப் பிடிப்பதும், பந்தயம் கட்டுவதுமே அவர்கள் கண்டித்தவை. அத்தகையோரின் சாட்சியம் ஏற்கத்தக்கதன்று என்றும் எழுதினர். கண்டனம் மனிதனின் நடத்தைக்கே உரியது; பறவைக்கு உரியதன்று.

எனவே வீட்டில் பிள்ளைகள் ஆசையோடு ஒரு ஜோடியைக் கேட்டால், முகம் சுளிப்பதற்குப் பதிலாக இவ்வரலாற்றை அவர்களுக்குச் சொல்லலாம். இரண்டு முட்டைகளும் ஏறத்தாழ ஒன்றாகப் பொரிக்க வேண்டுமானால், முதல் முட்டையை எடுத்துப் போலி முட்டை வைத்து, இரண்டாவது இட்டபின் திருப்பி வைக்கும் முறையைக் கற்றுக் கொடுக்கலாம். முதற்குஞ்சுகள் முழுதும் வளருமுன்பே பெடை மறுபடியும் முட்டையிடும் என்பதால், ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு கூட்டுச் சட்டிகள் வேண்டும். மூத்த குஞ்சுகளைத் தந்தை கவனித்துக் கொள்ளும். ஓயாமல் முட்டையிடச் செய்யாமல், ஆண்டில் சில மாதங்கள் சேவலையும் பெடையையும் பிரித்து ஓய்வு தர வேண்டும். குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கூட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கலாகாது. கூமுட்டை என்று தெரிந்தாலும், அடை நாள் முடியுமுன் அவசரப்பட்டு எடுத்தெறிய வேண்டியதில்லை. தன் முறை முடிந்ததென்று பறவையே எழுந்து செல்லும்.

இவையனைத்திலும் மனிதனின் வேலை மிகச் சிறிது. பெற்ற பறவைகளின் வேலையே பெரிது. பஸராவின் பெயர் தெரியாத புறாக்காரர்களுக்குச் சீம்பால் என்னும் அந்தச் சொல் கிடைத்தது, அவர்கள் கையை மடக்கிக் கொண்டு கண்ணைத் திறந்து வைத்திருந்ததனால்தான். குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன அண்ணலாரின் உம்மத்தினர் வீடுகளில் வளரும் புறாக்களுக்கு அந்த மரியாதையாவது கிடைக்க வேண்டாமா?